92ஆ, 95ஆ? மட்டக்களப்பு, அம்பாறை பெற்றோல் செட்காரருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெற்றோல் செட் நடத்தும் முதலாளிமாருக்கும், வெயிலிலும் புழுதியிலும் பம்படியில் நிற்கும் தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஸ்கூட்டியில்தான் போய்வருவது. ஆகவே கிழமைக்கு ஒரு தரமாவது உங்களில் ஒருவர் முன்னால் வந்து, இருக்கையைத் தூக்கி, தாங்கி மூடியைத் திறந்துகொண்டு நிற்பேன். அப்போது வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எது டீச்சர், சாதாவா, நல்லதா?"

சாதா என்றால் 92 ஒக்டேன் பெற்றோல், நல்லது என்றால் விலை கூடிய 95. அந்த "நல்லது" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாங்கள் வரிசையில் காய்ந்தோம். நீங்கள் வரிசையின் முன்னால் நின்று ஏச்சு வாங்கினீர்கள். ஜூலைக்குப் பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து தந்தீர்கள். அந்த நாட்களில் ஒருநாள் வரிசையில் என் முறை வந்தபோது 92 முடிந்துவிட்டது. 95 மட்டும் இருந்தது. லீற்றர் 92 விலை 450 ரூபாய், 95 விலை 540 ரூபாய். வேறு வழியில்லாமல் 95 போட்டேன். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. இருந்ததைத்தானே தரமுடியும்.

மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததில்தான். இரண்டு மூன்று கிழமை அப்படியே 95 போட்டபின் ஒருநாள் 92 இருந்தது. "இனி 92 போடுங்க தம்பி" என்றேன். பம்பில் நின்ற பிள்ளை பதறிப்போய், "ஐயோ டீச்சர், நல்லது பழகின எஞ்சினுக்குச் சாதா போட்டால் பழுதாகிப் போயிரும்" என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும், உண்மையான அக்கறை. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் நம்பினேன். கிழமைக்கு 4 லீற்றர், லீற்றருக்கு 90 ரூபாய் கூட, அதாவது 360 ரூபாய். அந்த நாளில் அது ஒரு கிலோ அரிசிக்கு மேலான காசு. ஒரு வருடத்துக்கும் மேல் அப்படிக் கொடுத்திருக்கிறேன். எந்த செட் என்று எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளையை யாரும் திட்டக்கூடாது.

என் கண்ணைத் திறந்தது வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி. ஐதரோகாபன் பாடம் நடந்துகொண்டிருந்தது. "மிஸ், 92 என்றால் 92 வீதம் சுத்தமா? மிச்சம் 8 வீதம் கலப்படமா?" என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்; அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கரும்பலகையில் பதிலை எழுதி முடித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்து ஸ்கூட்டி வாங்கியபோது தந்த கைப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எரிபொருள் என்ற பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஒக்டேன் எண் 91 அல்லது அதற்கு மேல். 92 தாராளமாகப் போதும் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் இவ்வளவு காலமும் அலுமாரியில் கிடந்தது.

அந்த மாணவிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெற்றோல் ஆவியும் சேர்ந்த கலவை ஒன்பது, பத்து மடங்கு அமுக்கப்படுகிறது. சரியான நேரத்தில் பிளக் பொறி கொடுக்க, நெருப்பு ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை ஒழுங்காகப் பரவவேண்டும். ஆனால் சூடும் அமுக்கமும் எல்லை மீறினால், அந்த நெருப்பு போய்ச் சேரும் முன்னரே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் தட்டல் சத்தம். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினால் எப்படியிருக்கும்? ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும் பழைய வண்டியில் அப்படிக் கேட்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனைத் தின்றுவிடும்.

இப்படித் தானாக வெடிக்காமல் ஒரு எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான எண்தான் ஒக்டேன். 1920களில் இதற்கு ஒரு அளவுகோல் செய்தார்கள். நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், உடனே தட்டத் தொடங்கும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் பெற்றோலை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த இடத்தில் தட்டுகிறதோ, அதே இடத்தில் இந்தப் பெற்றோலும் தட்டினால் அதற்குப் பெயர் 92. சுத்தத்தோடும் கலப்படத்தோடும் இந்த எண்ணுக்குத் தொடர்பே இல்லை. பலமும் அப்படித்தான். ஒரு லீற்றர் 92 தரும் வெப்பமும் ஒரு லீற்றர் 95 தரும் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றே.

நாங்கள் சிறுவயதிலிருந்து எண்ணைக் கண்டால் பரீட்சைப் புள்ளியாகப் பார்த்தே பழகிவிட்டோம். 95 எடுத்தவன் 92 எடுத்தவனைவிடக் கெட்டிக்காரன். ஒக்டேனை அப்படிப் பார்க்கக்கூடாது. வலைக்கண் அளவைப் போலப் பார்க்கவேண்டும். வாவியில் இறாலுக்கு ஒரு கண், மீனுக்கு இன்னொரு கண். பெரிய கண் வைத்த வலை சிறந்த வலை என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

கடலுக்குப் போகிறவர்களிடம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு. ஆனாலும் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்கள் எங்கள் கரை முழுவதும் இருக்கின்றன. அது எப்படி? மண்ணெண்ணெய்க்கென்றே அமுக்கத்தைக் குறைத்துச் செய்த எஞ்சின் அது. தனக்குரியதைக் குடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதே மண்ணெண்ணெயை என் ஸ்கூட்டிக்குள் ஊற்றினால் வீட்டுக்கு வந்து சேரமாட்டேன்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். குழப்பம் முழுவதும் பெயர்களில்தான் இருக்கிறது.

என் தம்பி கட்டாரில் ஓட்டுநராக வேலை செய்தவன். லீவில் வந்தபோது என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனான். செட்டில் "பிரீமியம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். பிள்ளையும் விலை கூடினதை அடித்துவிட்டது. அவன் கேட்டது மலிவானதை! கட்டாரில் பிரீமியம் என்றால் 91, சுப்பர் என்றால் 95. அமெரிக்காவில் அப்படியே தலைகீழ்: பிரீமியம்தான் மிக உயர்ந்தது. இங்கிலாந்தில் பிரீமியம் என்று எழுதியிருப்பது எல்லாரும் போடும் சாதாரண 95. ஜெர்மனியில் அந்தச் சாதாரண 95க்கே சுப்பர் என்று பெயர். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டின் பெயரைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் பம்படிக்கு வருகிறார்கள். இங்கேயும் இப்போது ஒரு கம்பனி இல்லை. அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தோடு 2003இல் இந்தியக் கம்பனி வந்தது, 2023இல் சீனக் கம்பனி வந்தது. அவரவர் தங்கள் தங்கள் எண்ணெய்க்கு அலங்காரப் பெயர் வைப்பார்கள், அது வியாபாரம். வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ள வேண்டியது 92, 95 என்ற எண்களை மட்டும்தான்.

எண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் தொலைபேசியில், "நாங்கள் இங்கே 87தான் போடுகிறோம் அக்கா, உங்கள் பெற்றோல் எங்களுடையதைவிடத் திறம் போல" என்றாள். அப்படியில்லை. ஒக்டேனை அளக்க இரண்டு முறை உண்டு. எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடவிட்டு அளப்பது ஆய்வு ஒக்டேன் எண். 900 சுற்றில், இன்னும் கடுமையான நிலையில் அளப்பது மோட்டார் ஒக்டேன் எண். இரண்டாவது எப்போதும் குறைவாகவே வரும். நாங்கள் முதலாவதை எழுதுகிறோம். அமெரிக்காவும் கனடாவும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகின்றன. அவளுடைய 87உம் எங்களுடைய 92உம் கிட்டத்தட்ட ஒரே பெற்றோல்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டால் பதில் சொல்ல உங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விடயம். எங்கள் பாடசாலையில் ஒரு சேர் சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார், அங்கே ஓடி இங்கே வந்தது. வாங்கிய நாளிலிருந்து 95தான். ஒருநாள் அவருடைய மருமகன், ஜப்பானில் பயிற்சிக்குப் போய் வந்தவர், தாங்கி மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் துடைத்தார். புழுதிக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கர், முழுக்க ஜப்பான் எழுத்து. நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். "ஈயமில்லாத, ரெகுலர்" என்று வாசித்தார். ஜப்பானில் இரண்டே வகை: ரெகுலர், ஹைஒக். ரெகுலருக்கு அவர்களுடைய தரநிர்ணயம் கேட்பது குறைந்தது 89, ஹைஒக்குக்கு 96. ஆக 89 போதும் என்று பிறந்த காருக்கு எங்கள் 92 குறைச்சலே இல்லை. சேர் நெடுநேரம் அந்த மூடியைப் பிடித்தபடியே நின்றார். இனி ஒரு ஜப்பான் கார் உங்களிடம் வந்தால் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அந்த எழுத்துத் தெரிந்த யாராவது ஊரில் இருப்பார்கள். தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் ஒரு நிமிட வேலை.

95ஐ விற்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 95 தேவைப்படும் வண்டிகள் இருக்கின்றன. டர்போ பூட்டியவை, அமுக்கம் கூடிய புது எஞ்சின்கள், சில பெரிய மோட்டார் சைக்கிள்கள். மூடியிலோ கைப்புத்தகத்திலோ குறைந்தது 95 என்று இருந்தால் 95தான் போடவேண்டும், அதில் மிச்சம் பிடிக்கப்போகக் கூடாது. புதிய எஞ்சின்களில் தட்டலை உணரும் கருவி இருப்பதால், 92 போட்டாலும் அது பொறி நேரத்தைப் பின்தள்ளிச் சமாளிக்கும். ஆனால் இழுவை குறையும், பெற்றோலும் அதிகம் குடிக்கும். இன்னொன்று: 95இன் பெயரோடு வரும் "யூரோ 4" என்பது ஒக்டேனைப் பற்றியதே அல்ல. அது கந்தகம் முதலியவற்றுக்கான ஐரோப்பிய எல்லை. பத்து இலட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. புகைக்கும் காற்றுக்கும் அது நல்ல விடயம். அதற்காக ஒருவர் காசு கூடக் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

டீசலில் குழப்பம் இன்னும் ஆபத்தானது. "ஒட்டோ டீசல் என்றால் ஓட்டோவுக்கு அடிக்கிற டீசலா மிஸ்?" என்று ஒரு மாணவன் கேட்டான். சிரித்தவர்களை நான் அடக்கினேன், ஏனென்றால் பெயர் அப்படித்தானே இருக்கிறது. வாகனங்களுக்கான டீசல் என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலான ஓட்டோ பெற்றோலில் ஓடுவது. அதேபோல் "சுப்பர்" என்று மட்டும் கேட்டு வருகிற ஒருவர் பெற்றோலைக் கேட்கிறாரா, சுப்பர் டீசலைக் கேட்கிறாரா? வாடகை வேன் ஓட்டும் நானா ஒருவர், காத்தான்குடிக்காரர், இதில் அகப்பட்டவர். அவசரத்தில் "சுப்பர்" என்றார். டீசல் வேனுக்குள் 95 பெற்றோல் போய்விட்டது. நல்லவேளையாக எஞ்சினைத் தொடும் முன்னர் பில்லைப் பார்த்தார். தாங்கியை இறக்கிக் கழுவியதோடு போயிற்று. ஓடியிருந்தால் பம்பும் இன்ஜெக்டரும் போயிருக்கும், ஏனென்றால் அவற்றுக்கு வழுக்குத் தருவதே டீசல்தான்.

டீசலுக்கு ஒக்டேன் கிடையாது. அதன் எண் சீற்றேன். டீசல் எஞ்சினில் பிளக் பொறி இல்லை, அமுக்கத்தின் சூட்டில் தானாகப் பற்றவேண்டும். பெற்றோலில் எது குற்றமோ அதுவே டீசலில் குணம். அதனால்தான் ஒன்றை மற்றதில் ஊற்றினால் இரண்டுமே கெடுகின்றன. சுப்பர் டீசலின் சிறப்பு முக்கியமாகக் கந்தகக் குறைவு. புகைபோக்கியில் வடிகட்டி பூட்டிய புதிய டீசல் வாகனங்களுக்கு அது அவசியம். வயலில் நிற்கும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு அவசியமில்லை.

கலப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்கு முன்னர், பெற்றோல் 450 விற்கும்போது மண்ணெண்ணெய் 87. கலக்க நினைப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை! நீங்கள் கலந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடையில் பவுசரிலும் போத்தல் வியாபாரத்திலும் நடக்க எவ்வளவோ இடமுண்டு. மண்ணெண்ணெய் சேர்ந்த பெற்றோலின் ஒக்டேன் விழுந்துவிடும். 92 என்ற பலகைக்குக் கீழே 92 இருக்காது. கராஜில் "பெற்றோல் சரியில்லை" என்று சொல்லும்போது, அதைக் கேட்கும் அப்பாவி "அப்போ இனி நல்லது போடுறேன்" என்று 95க்கு மாறுவது இப்படித்தான். வடிதாளில் ஒரு துளி விட்டால், நல்ல பெற்றோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் பறந்துவிடும்; மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். எல்லாக் கலப்படத்தையும் இது பிடிக்காது, இதையாவது பிடிக்கும். ஒரு கட்டு வடிதாளை அலுவலக மேசையில் வைத்து, கேட்பவருக்கு முகம் சுழிக்காமல் ஒன்று கொடுங்கள்.

முதலாளிமாரிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. நான் போகும் செட்களில் பம்பில் இருப்பது கம்பனிப் பெயர்தான், அதுவும் ஆங்கிலத்தில். வயலுக்குப் போகிறவர், சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவர், வாசிக்கச் சிரமப்படும் வயதான ஐயா, இவர்கள் எல்லாரும் பம்பில் நிற்கும் பிள்ளையின் வாயைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த வாயில் சரியான சொல்லைப் போட்டுவிடுங்கள். "சாதாவா, நல்லதா" என்று கேட்கவேண்டாம். "92ஆ, 95ஆ" என்று கேட்கச் சொல்லுங்கள். டீசல் என்றால் "டீசல்" என்ற சொல்லை வாடிக்கையாளர் வாயால் ஒருதரம் வரவழைத்துவிட்டே குழாயைத் தூக்கச் சொல்லுங்கள். 92 முடிந்துவிட்டால் "92 முடிந்தது, 95 இருக்கு, இவ்வளவு கூட" என்று முதலிலேயே சொல்லிவிடட்டும்.

தம்பி தங்கைமாரே, உங்களிடம் "எது போட?" என்று யாராவது கேட்டால், "உங்கள் மூடியில், புத்தகத்தில் என்ன எழுதியிருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பழகின எஞ்சின் என்று ஒன்று இல்லை. 95 போட்ட தாங்கியில் 92 ஊற்றலாம், இரண்டும் கலக்கலாம், 92 போதும் என்று எழுதிய வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

பம்புக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், பிடித்தால் அப்படியே போடலாம்:

"92, 95 என்பவை எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான எண்கள். சுத்தத்தின் அளவு அல்ல. உங்கள் வண்டிக்கு எது என்று தாங்கி மூடியிலோ கைப்புத்தகத்திலோ இருக்கும். 91, 92 என்று இருந்தால் 92 போதும். 95 என்று இருந்தால் 95 போடவும். டீசல் வண்டி என்றால் முதலில் சொல்லவும்."

எங்கள் வகுப்பில் எழுத்து அழகாக எழுதும் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். பலகையும் பெயின்ற்றும் நீங்கள் தந்தால், கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரை எந்த செட் என்றாலும் சனிக்கிழமை பின்னேரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக்கு அங்குள்ள இரசாயன ஆசிரியர்களைக் கேட்டுப் பார்க்கிறேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் வெயில் தாழ்ந்திருக்கும், உங்கள் வரிசைக்கும் இடைஞ்சல் இருக்காது.

அன்புடன்,
ஓர் இரசாயனவியல் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.